நோக்கிக்கோளாம்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் முதலான தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு விழுந்ததே தவிர, பேச்சு பிரியவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம் என்று வளரும் பிள்ளைகள் அங்கே இன்றும் உண்டு.

அந்தப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் மிரட்டுவது ‘லுக் ஆஃப்டர்’, ‘கிவ் இன்’ போன்ற கூட்டுவினைகள். ‘லுக்’ என்றால் பார், ‘ஆஃப்டர்’ என்றால் பிறகு. சேர்ந்தால் ‘பராமரி’ என்று எப்படி ஆகிறது? அகராதி தந்த சாமுவேல் ஜான்சனே 1755இல், அயலாருக்கு மிகக் கடினமான இடம் இதுதான் என்று முன்னுரையில் எழுதினார்.

ஆனால் எல்லைப்புறப் பிள்ளைக்கு இந்த வித்தை புதிதல்ல. குழந்தையை ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறது தமிழ். ‘ஞான் நோக்கிக்கோளாம்’ என்கிறது மலையாளம். இரண்டிலும் பார்வை பராமரிப்பாக மாறிவிட்டது, ‘லுக் ஆஃப்டர்’ போலவே! ‘கிவ் இன்’ என்பதற்கு ‘விட்டுக்கொடு’ இருக்கிறது. மலையாளத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். அதில் கையால் எதையும் விடுவதுமில்லை, கொடுப்பதுமில்லை.

கூட்டுவினைப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், இந்த ஒப்புமையை வகுப்பில் காட்டினால் பாதி அச்சம் போய்விடும். மீதி உழைப்பு சொல்வரிசையில்தான். ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘அதை’ என்ற சொல் நடுவே புகுந்து ‘கிவ் இட் அப்’ ஆக வேண்டும். ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதிலோ அது கடைசியில்தான் நிற்கும்.