ஈரத்தின் மேல் உலர்ந்த தானியம்

இணையத்தில் முஸல்லாவோ தரைவிரிப்போ வாங்கி மனம் நொந்தவர்கள் பலருக்கு ஒரே குறைதான். விளம்பரத்தில் பொய் இல்லை; வந்த பொருள்தான் வேறு. ‘பாரசீகப் பாணி’ பாரசீகத்தில் நெய்ததல்ல. ‘ஆர்ட் சில்க்’ கலைப்பட்டல்ல, செயற்கைப் பட்டு. சொன்னதெல்லாம் உண்மையென்றால் விற்றவர்மீது குற்றம் உண்டா?

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கண்டித்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவுசெய்கிறது. இங்கே வியாபாரி பொய்யே சொல்லவில்லை. மேலே இருந்த தானியம் உலர்ந்ததுதான். மழை பெய்ததும் மெய்தான். கண்டிக்கப்பட்டது உண்மையை அடுக்கிய விதம்.

குருநகரில் மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். திரையில் தூக்கிப் பார்க்கச் செவுள் இல்லை. காணாத பொருளின் விற்பனையில் நமது இமாம்கள் இவ்வளவு கவனம் காட்டியதும் இதனால்தான். குறித்த ஒரு பொருளைக் காணாமல் விற்பது செல்லாது என்பது ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. ஹனபி மத்ஹப் அதை அனுமதித்து, கண்டபின் மறுக்கும் உரிமையை வாங்குபவருக்கு அளிக்கிறது. விலையை முன்னரே கொடுத்துப் பொருளைப் பின்னர் பெறும் ஸலம் வியாபாரத்திலோ தன்மையும் அளவும் துல்லியமாகச் சொல்லப்படுவது நிபந்தனை. அங்கே வர்ணனைதான் வாங்குபவரின் கண்ணும் கையும்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் கோரைப்பாய்களில் மிக நுண்ணியதைப் ‘பட்டுப்பாய்’ என்பார்கள். அதில் பட்டு இல்லை. கோரையும் பருத்தி நூலும்தான். நேரில் தடவிப் பார்ப்பவர் அந்தப் பெயரால் ஏமாறுவதில்லை. அதே பெயர் தனியாகத் திரையில் ஏறினால் அறியாதவர் ஏமாறக்கூடும். ஆக, சொல்லின் நேர்மை சொல்லில் மட்டும் இல்லை; கேட்பவரால் சோதித்துப் பார்க்க முடியுமா என்பதிலும் இருக்கிறது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் தவறாக எண்ணவைக்கக்கூடிய நடத்தையையே தடுக்கிறது. அப்பட்டமான பொய்யை மட்டுமல்ல.

வாங்குபவர் பின்புறப் படத்தைக் கேட்கலாம். கைமுடிச்சுக் கம்பளத்தில் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாகவே இருக்கும். இயந்திரக் கம்பளத்தில் பெரும்பாலும் தைத்து ஒட்டியிருக்கும். ஆனால் இதையெல்லாம் கேட்கத் தெரியாதவரும் வாங்க வருவார். அவர் கேளாமலே சொல்லவேண்டியது விற்பவரின் கடமை. ஈரத்தை மேலே வைக்கச் சொன்னது அவருக்காகத்தான்.