மைக்ரானும் வட்டியும்

குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண் என்றால், இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் மீதியில்லாமல் ஒன்று வரும். அந்த ஒன்றுதான் நொடிமுள்ளின் ஒரு நகர்வு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய வகுத்தல். 1980களின் பிற்பகுதியிலிருந்து டைட்டன் தொழிற்சாலை வழியாக ஓசூர் இந்த வகுத்தலை நாடு முழுவதற்கும் விற்று வருகிறது.

அதே ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002இல், தர மேலாண்மைக்கு ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்றது. அந்தத் தரமுறையின் வேர், வால்டர் ஷூவர்ட் 1924இல் வரைந்த ஒரு வரைபடம். எந்த மெஷினும் இரண்டு பாகங்களை அச்சுப் பிசகாமல் ஒரே அளவில் தராது. இயல்பான ஏற்ற இறக்கம் எது, எங்கோ கோளாறு என்பதற்கான அடையாளம் எது என்று அந்த வரைபடம் பிரித்துக் காட்டும். இன்று இந்தத் தொழிற்பேட்டையில் ஐ.டி.ஐ. முடித்த பையன் மைக்ரோமீட்டரில் அளந்து, சராசரி எடுத்து, அதில் புள்ளி வைக்கிறான். புள்ளி எல்லைக் கோட்டைத் தாண்டினால் மெஷினை நிறுத்துகிறான். அவனிடம் பேச்சுக் கொடுத்தால், “நமக்குக் கணக்கு வராது சார்” என்பான். பள்ளிக்கூடம் கொடுத்த சான்றிதழ்களில் அவன் பத்திரமாக வைத்திருப்பது அது ஒன்றுதான்.

கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் அந்தச் சான்றிதழுக்கு நல்ல விலை உண்டு. ஒரு லட்சம் ரூபாய் கடனில் பைக் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘ஃபிளாட் ரேட்’ 12 சதவீதம், ஒரு வருடம், மாதம் 9,333 ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, ஊரில் இரண்டு ரூபாய்க்குக் குறைந்து யார் தருகிறார்கள் என்று தோன்றும். ஆனால் ஊரில் அசலில் பாதியைக் கொடுத்துவிட்டால் வட்டியும் பாதியாகும். இங்கே அசல் மாதாமாதம் கரைந்தாலும் வட்டி முழு லட்சத்துக்குத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்றே முக்கால் வட்டிக்கும் மேல். ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. தாளில் 12 என்றுதான் இருக்கிறது. சில மைக்ரான் பிசகினால் லைனையே நிறுத்துகிறவன், இந்தப் பிசகுக்குக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறான்.

அடுத்தது நாள் கணக்கு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழில் நிறுவனத்தில், 24 மாதங்களுக்குள் 480 நாள் பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். தெளிவான சட்டம், கழித்தல் தெரிந்தவர்களுக்கு இன்னும் தெளிவு. அதனால்தான் தொழிற்பேட்டைகளில் 480 நெருங்கும்போது கான்ட்ராக்டர் மாறுவதும், தொழிலாளி ‘டிரெய்னி’ ஆவதும் யாருக்கும் புதிதாக இல்லை. நாள்களை உழைப்பவர் லைனில் நிற்கிறார். எண்ணுகிறவர் ஆபீஸ் அறையில் இருக்கிறார்.

கணக்குத் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி, 2004இல் தனி மாவட்டமாகும்வரை தருமபுரியோடு இருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அந்தப் பழைய தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 900 பெண்கூட இல்லை. இயற்கையின் போக்கில் பிறப்பிலேயே சுமார் 950 இருக்க வேண்டும். தனித்தனியாக விசாரித்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் கிடைத்திருக்கும்: பால் புரையேறியது, காய்ச்சல் வந்தது, கரு தங்கவில்லை. ஒவ்வொன்றும் நம்பும்படியே இருக்கும். எல்லா வீட்டையும் கூட்டியபோதுதான் நம்ப முடியாமல் போனது. சாட்சி இல்லாத குற்றத்துக்கு ஒரு வகுத்தல் சாட்சி சொன்னது.

அந்த வீடுகளில் இருந்தவர்களும் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். நகை, சீர், கல்யாணச் செலவு என்று கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். கூட்டலில் பிழை இல்லை. பெண்ணைச் செலவுப் பக்கத்தில் எழுதியதுதான் பிழை. அதைக் கணக்கு வாத்தியார் திருத்த முடியாது. இன்று அதே கிராமங்களிலிருந்து பெண்கள் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். மகளை வரவுப் பக்கத்தில் எழுத, சில குடும்பங்களுக்கு ஒரு தொழிற்சாலை வரவேண்டியிருந்தது.

ஆகவே கணிதம் முக்கியமா என்று இந்த வட்டாரத்தில் கேட்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே ஆண்டுகொண்டிருக்கிறது. யார் போட்ட கணக்கு, அதை யார் சரிபார்க்கலாம் என்பதே கேள்வி. வெளியிலிருந்து வரும் உதிரிபாகத்தை, அனுப்பியவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், தாமே அளந்து பார்த்த பிறகே பல நல்ல தொழிற்சாலைகள் உள்ளே எடுக்கின்றன. அதை யாரும் அவநம்பிக்கை என்று சொல்வதில்லை; தரக் கட்டுப்பாடு என்கிறார்கள். தன் சம்பளச் சீட்டையும் வட்டியையும் நாளையும் அதே போல அளந்து பார்க்கும் தொழிலாளிக்குத்தான் இன்னும் வேறு பெயர் வைத்திருக்கிறோம்: வம்புக்காரன்.