ஐயமும் மௌனமும்

அறியாத ஒன்றின் முன்னால் மனிதன் எவ்வாறு நிற்பது என்பது மெய்யியலாரின் பழைய கேள்வி. நீராடும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பெண்ணுக்கோ அது அன்றிரவே விடை வேண்டும் கேள்வி.

எம்மோடு கற்பிக்கும் மூத்த ஆசிரியை ஒருவருக்கு அவ்வாறு நேர்ந்தது. இரண்டு மாதங்களாக அவர் எவரிடமும் வாய்திறக்கவில்லை. நோவில்லாத கட்டியால் தீங்கில்லை என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 'அந்த வருத்தம் உள்ள குடும்பம்' என்ற பேச்சு ஊரிற் பரவினால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அஞ்சினார். இம்மௌனத்தை அவருடைய கோழைத்தனம் என்று கூறுவது அநீதியாகும். அதை அவர்மேற் சுமத்தியவர்கள் நாமே.

ஈற்றில் அவர் சொன்னபோது, 'ஒன்றுமிராது' என்றனர் சிலர். 'தலையில் எழுதினபடிதான் நடக்கும்' என்றனர் வேறு சிலர். முன்னையோர் அறியாமலே அறிந்ததாகக் கூறினர். பின்னையோர் அறிந்தும் பயனில்லை என்றனர். இருசாராரும் ஆராய்வதற்கான கதவையே அடைத்தனர்.

உண்மை இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது. மார்பிற் காணும் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல; நார்த்திசுக் கட்டிகளும் நீர்க்கட்டிகளுமே பல. ஆயினும், இந்நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகத்தினதே. ஆரம்பத்தில் அது பெரும்பாலும் நோவைத் தருவதில்லை. வைத்தியர் தொட்டுப் பார்த்தல், கதிர்ப்படமோ ஒலியலைப் படமோ எடுத்தல், ஊசியினால் இழையத்தை எடுத்துச் சோதித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஐயத்தைத் தீர்க்கும்.

இங்கு ஐயம் இருவகைப்படும். ஒன்று இயற்கை தருவது. மற்றையது மனிதர் ஆக்குவது. அமெரிக்காவில் 1970களிலும் நிலவிய வழக்கமொன்று இதற்குச் சான்று. பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்திக் கட்டியை எடுத்து உடனே சோதிப்பர். புற்றுநோயென்று கண்டால், அதே மயக்கத்திலேயே மார்பையும் அகற்றிவிடுவர். எந்த உடலுடன் விழிப்போம் என்பதை அறியாமலே அவள் கண்மூடினாள். 1974இல் தம் மார்பிற் கட்டியைக் கண்ட பத்திரிகையாளர் றோஸ் குஷ்னர் இதற்கு இணங்க மறுத்தார். முதலிற் சோதனை, பின்னர் தம்முடைய தீர்மானம் என்று வற்புறுத்தினார். 1979இல், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய குழு, அவரையும் உறுப்பினராகக் கொண்டு, இவ்விரண்டையும் வெவ்வேறாகச் செய்யுமாறு பரிந்துரைத்தது. நோய் மாறவில்லை, பெண்ணை இருளில் வைத்த வழக்கமே மாறியது.

எமது சூழலிலும் மனிதர் ஆக்கிய இருள் உண்டு. தூரத்து வைத்தியசாலைக்குச் செல்வதால் இழக்கப்படும் ஒருநாட் கூலி, நோயாளியை விடுத்துக் கணவனிடம் மட்டும் விளக்கும் வழக்கம், சம்பந்தச் சந்தையின் அச்சம் ஆகியவற்றை விதியென்பது பொய். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பகப் பரிசோதனை இலவசமாகவே செய்யப்படுகிறது. அங்கு செல்லும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதே கேள்வி.

இவையெல்லாம் நீங்கினாலும், இயற்கை தரும் ஐயம் எஞ்சும். சோதனை முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் அவ்வாசிரியை விடைத்தாள் திருத்தினார். சில இரவுகள் உறங்கவில்லை. அவருடைய பாடவேளைகளை நாம் பங்கிட்டுக்கொண்டோம். ஒருவர் உடன்சென்று வைத்தியசாலை வாங்கில் அமர்ந்திருந்தார். 'எமக்கும் தெரியாது, ஆனால் உம்மைத் தனியே விடமாட்டோம்' என்பதைத் தவிர அவரிடம் உண்மையாகச் சொல்லக்கூடியது வேறொன்றும் எம்மிடம் இருக்கவில்லை.

முடிவு யாதாயிற்று என்று வாசகர் வினவக்கூடும். நல்லதாயின் அவர் சென்றது சரி, தீயதாயின் பிழை என்றாகிவிடுமா? விடை தெரியுமுன்பே அதைத் தேடிப் புறப்பட்டார். அவர் செய்த சரி அதுவே. அப்பயணத்தை அவர் இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். அந்த இரண்டு மாதங்களுக்கு விடைசொல்ல வேண்டியவர்கள் நாம்.