திரைவழிச் சேவையும் இராமானுஜரின் கண்ணாடியும்

மடிக்கணினியில் ஓடும் காட்சியைக் கம்பி ஏதும் இணைக்காமல் எதிரே உள்ள தொலைக்காட்சித் திரையில் விரியச் செய்வது இன்று வீடுகளில் அன்றாடச் செயலாகிவிட்டது. கோயில் உற்சவங்கள் இணையத்தில் நேரலையாக வரத் தொடங்கிய பிறகு, அந்தப் பெரிய திரையின் முன் குடும்பமாகக் கைகூப்பி நிற்பதும் வழக்கமாகி வருகிறது. 2020 மே 4ஆம் நாள், பெருந்தொற்று ஊரடங்கின்போது, மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கல்யாணம் பக்தர்கள் கூட்டமின்றி நடைபெற்று, நேரலை வழியாகவே மக்களிடம் வந்து சேர்ந்தது. வீட்டிலிருந்தபடி அதைக் கண்டவர்கள் கண்டது திருக்கல்யாணத்தையா, திருக்கல்யாணத்தின் படத்தையா என்பது மேலோட்டமான கேள்வி அன்று. இறைவனின் திருமேனியைக் கண்டு வணங்குவதை வைணவர்கள் சேவை என்பர். திரையில் தெரிவதை வணங்குவதும் சேவையாகுமா என்று கேட்கும்போது, காட்சி என்றால் என்ன, பொருள் ஒன்று தன் நிழலுருவில் எந்த அளவுக்கு இருக்கிறது என்னும் பழைய தத்துவ வினாக்கள் அனைத்தும் உடன் எழுகின்றன.

இவ்வினாவை ஆராய ஸ்ரீபெரும்புதூரைவிடப் பொருத்தமான ஊர் அரிது. இங்கிருந்து தெற்கே ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில், 2000ஆம் ஆண்டில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் கண்ணாடி ஆலை இயங்கத் தொடங்கியது. 2007இல் டெல் நிறுவனம் கணினி ஆலையைத் திறந்தது. அதே ஆண்டில் சுங்குவார்சத்திரத்தை அடுத்துச் சாம்சங் நிறுவனத்தின் ஆலை தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கியது. கண்ணாடியும் மடிக்கணினியும் தொலைக்காட்சியும் சில கல் தொலைவுக்குள் உருவான இதே மண்ணில், வைணவ மரபு குறிக்கும் 1017ஆம் ஆண்டின் சித்திரைத் திருவாதிரையில் இராமானுஜர் பிறந்தார். கண்ணாடியில் தெரியும் முகம் மெய்யா பொய்யா என்று தம் தலையாய நூலிலேயே கேட்டு, அதற்கு விடையும் எழுதினார். ஊரின் இவ்விரு முகங்களும் ஒன்றையொன்று அறியாதவைபோல் அருகருகே இருந்து வருகின்றன.

கண்ணாடியில் தோன்றும் உரு அவருக்கு முன்பே வேதாந்திகளின் விவாதப் பொருளாக இருந்தது. பிரம்மம் ஒன்றே மெய்ப்பொருள் என்னும் அத்வைத மரபில், பத்மபாதர் உயிரைப் பிரம்மத்தின் பிரதிபிம்பமாக விளக்கினார். பிரதிபிம்பம் என்பது கண்ணாடியிலோ நீரிலோ தோன்றும் நிழலுரு, பிம்பம் என்பது அதற்கு மூலமான உரு. இவ்விரண்டும் உண்மையில் ஒன்றே, வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுவது மட்டுமே பிழை என்பது அவர் பக்கம். அதே மரபைச் சேர்ந்த சுரேசுவரரோ பிரதிபிம்பத்தை வெறுந்தோற்றம் என்றே கொண்டார். ஆக, திரையில் தெரியும் பெருமாள் பெருமாளே என்று சொல்வதற்கும், அது தோற்றமே என்று தள்ளுவதற்கும் அத்வைதத்துக்குள்ளேயே இடம் உண்டு.

இராமானுஜர் சென்ற வழி வேறு. பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய விரிவுரையான ஸ்ரீபாஷ்யத்தின் முதல் சூத்திர விளக்கத்தில், அறிவு அனைத்தும் உள்ள பொருளையே பற்றுகிறது, முற்றிலும் இல்லாத ஒன்றை எந்த அறிவும் காட்டுவதில்லை என்னும் கொள்கையை அவர் நிறுவுகிறார். இதற்கு யதார்த்தக்யாதி என்று பெயர். அப்படியானால் கண்ணாடிக்குள் இல்லாத முகம் அங்கே தெரிவது எப்படி என்ற தடை எழுகிறது. கண்ணிலிருந்து ஒளிக்கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்பது அக்காலத்துப் பார்வைக் கொள்கை. அதன்படி, கதிர் முதலில் கண்ணாடியின் பரப்பைப் பற்றி, அங்கிருந்து திரும்பிப் பார்ப்பவரின் முகத்தையே சென்று பற்றுகிறது என்றும், இது மிக விரைவாக நிகழ்வதால் கண்ணாடிக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள வெளி அறியப்படாமல் போகிறது என்றும், அதனால்தான் முகம் கண்ணாடியில் இருப்பதாகத் தோன்றுகிறது என்றும் அவர் விளக்குகிறார். கண்ணாடியும் மெய், முகமும் மெய், இரண்டையும் பற்றிய அறிவும் மெய். குறை ஒன்றுதான், இடைவெளி பிடிபடவில்லை. கொள்ளிக்கட்டையைச் சுழற்றும்போது தெரியும் நெருப்பு வட்டத்தையும் அவர் இவ்வாறே விளக்குகிறார்: வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் கொள்ளி உண்மையாகவே இருந்தது, இடைவெளிகள் இருந்தும், வேகத்தால் அவை அறியப்படவில்லை.

கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்பதை இன்றைய ஒளியியல் ஏற்பதில்லை. ஒளி பொருளிலிருந்தே கண்ணுக்கு வருகிறது. ஆயினும் வாதத்தின் உயிர் கதிரின் திசையில் இல்லை. காண்பவருக்கும் காணப்படும் பொருளுக்கும் நடுவே அறுபடாத தொடர்பு இருக்குமானால், அத்தொடர்பு எத்தனை முறை வளைந்தாலும் காணப்படுவது அப்பொருளே என்பதுதான் அதன் சாரம். பொய் எங்கே இருக்கிறது என்று தேடுவதை விட்டு, அறியப்படாத இடைவெளி எங்கே இருக்கிறது என்று தேடும்படி அவர் வாசகரைத் திருப்பிவிடுகிறார். தொலைக்காட்சித் திரைக்கு வரும்போது இந்த ஆயுதம் மிகக் கூர்மையானது.

திரையின் ஒரு பகுதி வேலையைக் கொள்ளிவட்டமே விளக்கிவிடுகிறது. நொடிக்குப் பொதுவாக 60 முறை படம் மாறுகிறது; ஒவ்வொன்றும் அசையாத தனிப்படம்; நடுவிலுள்ள வெளி பிடிபடாததால் தேர் ஓடுகிறது, தீபம் அசைகிறது. சிக்கல் அதற்கு முன்னால், மடிக்கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே இருக்கிறது. வைஃபை அலையன்ஸ் என்னும் கூட்டமைப்பு 2012இல் அறிமுகப்படுத்திய மிராகாஸ்ட் என்னும் முறையில், இரு கருவிகளும் வீட்டிலுள்ள ரூட்டரின் துணையின்றியே நேரடியாக வைஃபையில் இணைகின்றன. கணினித் திரையில் உள்ளது அப்படியே எதிரே தெரிவதால் மக்கள் இதைத் திரைப் பிரதிபலிப்பு என்கின்றனர். ஆனால் நடப்பது பிரதிபலிப்பு அன்று. முழு எச்டி எனப்படும் படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் 24 பிட்டுகளில் எழுதி நொடிக்கு 60 படம் அனுப்ப ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள் வேண்டும். வீட்டு வைஃபை பொதுவாக இவ்வளவைத் தாங்காது. ஆகவே மடிக்கணினி ஒவ்வொரு படத்தையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, மாறாத கட்டத்தை மாறவில்லை என்றும், நகர்ந்த கட்டத்தை இவ்வளவு தூரம் இந்தப் பக்கம் நகர்ந்தது என்றும் சுருக்கிக் குறிக்கிறது. எச்.264 எனப்படும் இக்குறிப்புமுறையில் எழுதியது சிறு பொட்டலங்களாகப் பிரிந்து காற்றில் செல்கிறது. தொலைக்காட்சி அக்குறிப்பைப் படித்துத் தன்னிடமுள்ள ஒளிப்புள்ளிகளால் புதிதாக ஒரு படத்தை வரைகிறது. கணினியில் சுட்டியை நகர்த்தினால் எதிர்த்திரையில் அது சற்றுப் பிந்தியே நகர்வதைப் பார்த்தவர் அனைவரும் இந்த இடைவெளியைக் கண்ணால் கண்டவர்களே.

திருமேனியிலிருந்து புறப்பட்ட ஒளி கோயிலில் இருந்த கேமராவின் உணரியிலேயே முடிந்துவிட்டது. அங்கிருந்து வந்தவை எண்கள். அவை ஒரு முறை கோயில்தரப்பில் எழுதப்பட்டு, மடிக்கணினியில் படமாகி, தொலைக்காட்சிக்காக மீண்டும் எழுதப்பட்டு, மீண்டும் படமாகின்றன. எனவே இராமானுஜர் கண்ணாடிக்கு வழங்கிய சான்றிதழைத் திரைக்கு அப்படியே வழங்க இயலாது. கண்ணாடியில் தெரிவது முகமே. திரையில் தெரிவது முகத்தைப் பற்றிய செய்தியைக் கேட்டு வரையப்பட்ட உரு. விசிஷ்டாத்வைதம், அதாவது உயிர்களையும் உலகையும் உடலாக உடைய ஒரே பரம்பொருளைக் கூறும் இராமானுஜர் தரிசனம், அறிவுக்கு மூன்று வாயில்களை ஏற்கிறது: புலன்வழிக் காட்சியான பிரத்யட்சம், ஊகித்தறியும் அனுமானம், நம்பத்தகுந்த சொல்லால் அறியும் சப்தம். திரைக்காட்சி கண்ணுக்கு விருந்தாக வந்தாலும், அது பிறக்கும் முறையைப் பார்த்தால் மூன்றாவதான சப்தத்தின் இனத்தைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரை வைக்கும் கருத்து.

இப்படிக் கொண்டால் பல முடிச்சுகள் தாமாக அவிழ்கின்றன. நேற்றைய உற்சவத்தின் பதிவை இன்று பார்க்கலாம். கண்ணாடி நேற்றைய முகத்தைக் காட்டாது, சொல்லோ நேற்றையதையும் கூறும். 2013இல் வந்த குரோம்காஸ்ட் போன்ற கருவிகளில், கைபேசியோ மடிக்கணினியோ காட்சி இருக்கும் இணைய முகவரியை மட்டும் தெரிவிக்க, தொலைக்காட்சியில் செருகிய கருவி அதைத் தானே எடுத்துக் காட்டுகிறது. அதன்பின் கைபேசியை அணைத்துவிட்டாலும் படம் நிற்பதில்லை. பிரதிபிம்பக் கொள்கையில் இதற்கு இடமே இல்லை, ஏனெனில் மூலம் விலகினால் நிழலுரு நிற்காது. சொல்லாகக் கொண்டாலோ, ஒருவர் வழி சொல்ல மற்றொருவர் தானே சென்று காண்பதில் வியப்பேதும் இல்லை. சொல்லின் தகுதி சொல்பவரின் நம்பகத்தைப் பொறுத்தது என்பதால், செயற்கையாக உருவாக்கிய படங்கள் பெருகும் இக்காலத்தில் நேரலை எங்கிருந்து யாரால் அனுப்பப்படுகிறது என்று விசாரிப்பதும் பக்திக்குக் குறைவாகாது. கண்ணாடியை யாரும் அப்படி விசாரிப்பதில்லை.

திரைக்காட்சியைச் சொல்லின் வரிசையில் வைப்பது அதைத் தாழ்த்துவதாகச் சிலருக்குத் தோன்றலாம். வைணவத்தில் அதற்கு இடமில்லை. இறைவனை அறிய வேதச் சொல்லே வாயில், புலன்களால் அவனை அளக்க முடியாது என்பதில் இராமானுஜர் உறுதியாக நின்றவர். மேலும், முக்திக்கு வழியான தியானத்தை விளக்குமிடத்தில், எண்ணெய் ஒழுக்குப்போல் இடையறாது தொடரும் நினைவு வலுப்பெற்று நேரில் காண்பதற்கு ஒப்பான தெளிவை அடையும் என்கிறார் அவர். இதை ஸ்ரீபாஷ்யம் துருவானுஸ்மிருதி, நிலைத்த நினைவு, என்று குறிக்கிறது. கேட்டல் நினைவாகி, நினைவு காட்சியாகிறது. நம்மாழ்வார் திருக்குருகூரில் புளியமரத்தடியை விட்டு அகலாமலே பல திவ்யதேசத்துப் பெருமாள்களைப் பாடினார் என்று மரபு கூறுவதும் இந்த வரிசைக்கு உகந்ததே. ஆனால் இங்கே ஓர் ஆபத்தும் உள்ளது. சொல் கேட்பவரிடம் உழைப்பை வேண்டுகிறது. உருவை அவரே உள்ளத்தில் எழுப்ப வேண்டும். அந்த உழைப்பைத் திரையே செய்து முடித்துவிடுகிறது, அணைத்ததும் உருவும் போய்விடுகிறது. பெரிய திரையும் கூர்மையான படமும் நினைவை வளர்க்கின்றனவா, நினைக்க வேண்டிய தேவையையே நீக்கிவிடுகின்றனவா என்பதை ஒவ்வொரு பார்வையாளரும் திரை அணைந்த பின்னரே அறிய முடியும்.

படத்தின் கூர்மை ஒரு பொருட்டே அன்று என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலே சாட்சி. இராமானுஜருக்கு மூன்று சிறப்பான திருமேனிகளை மரபு எண்ணுகிறது: அவருடைய திருவுடலே எழுந்தருளியிருப்பதாகக் கருதப்படும் திருவரங்கத்துத் தானான திருமேனி, அவர் பிரிவைத் தாங்காத அடியார்கள் விரும்பி அமைத்த, மேலுக்கோட்டை என வழங்கும் திருநாராயணபுரத்துத் தமர் உகந்த திருமேனி, செய்து முடித்த படிமத்தைத் தாமே தழுவித் தம் ஆற்றலைச் சேர்த்து அனுப்பியதாகச் சொல்லப்படும் ஸ்ரீபெரும்புதூர்த் தான் உகந்த திருமேனி. உடல், அன்பு, தழுவல் என்று மூன்று காரணங்களால் மூன்றும் அவரே ஆகின்றன. எது அவர் முகத்தை மிகத் துல்லியமாகக் காட்டுகிறது என்று யாரும் ஒப்பிட்டதில்லை. இறைவனின் அர்ச்சாவதாரத்துக்கும், அதாவது கோயில் திருமேனியாக அவன் எழுந்தருளும் நிலைக்கும், இதுவே விதி. கல்லும் உலோகமும் அவனைப் போல இருப்பதால் அவன் அங்கே இல்லை. அவன் வந்து தங்க இசைந்ததால் இருக்கிறான். பிரதியெடுத்தல் எவ்வளவு துல்லியமானாலும் இந்த இசைவைத் தன்னால் உண்டாக்க முடியாது.

அப்படி வந்து தங்கியவன் அடியவர் கையை எதிர்பார்த்து நிற்கிறான் என்பது வைணவ ஆசாரியர்கள் மிகவும் உருகிப் பேசிய செய்தி. அனைத்தையும் தாங்குபவன், நீராட்டவும் உடுத்தவும் உண்பிக்கவும் அர்ச்சகரை நம்பியிருக்கிறான். ஸ்ரீபெரும்புதூரில் இராமானுஜர் திருமேனிக்குக் குளிர்நாட்களில் வெந்நீரில் திருமஞ்சனம் செய்து கம்பளி சாத்தும் வழக்கம் இதே உணர்விலிருந்து பிறந்தது. இத்தகைய தொண்டுக்குக் கைங்கர்யம் என்று பெயர். இராமானுஜரின் நெறியில் உயிரின் இயல்பும் இலக்கும் அதுவே, காண்பது அதன் தொடக்கம் மட்டுமே. திரை இங்கேதான் நின்றுவிடுகிறது. அதில் உருவும் ஒலியும் வந்து சேர்கின்றன. கம்பளியை எடுத்துச் சாத்தும் கை அதன் வழியே திரும்பிச் செல்லாது.

ஆகவே திரையைக் கண்டு கைகூப்புவது வீண் என்றோ, அதுவே போதும் என்றோ தீர்ப்பளிப்பது இரண்டுமே பிழை. இதே தொழிற்பகுதியிலுள்ள வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டது. இத்தகைய விடுதிகளிலும் ஒரகடம், சுங்குவார்சத்திரம் வாடகை அறைகளிலும் வாழ்பவர்களுள் பலர் தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஷிப்ட் முறை வேலை, குலதெய்வக் கோயில் கொடைக்கோ ஊர்த் தேருக்கோ அவர்களை எளிதில் விடுவதில்லை. அவர்களுக்கு ஊரிலிருந்து வரும் நேரலை நம்பத்தகுந்த சொல். அதைக் கேட்டு நினைவில் நிறுத்துவது இராமானுஜர் வகுத்த பாதையின் முதற்படி. அடுத்த படிக்கு விடுப்பும் பேருந்தும் வேண்டும் என்பதால், திருவிழா நாளில் விடுப்பு தருவது சமயத்துக்கு வெளியே உள்ள நிர்வாகக் காரியம் என்று எண்ணுவது கைங்கர்யத்தை அறியாதவர் எண்ணம்.