அளவுகோலை அளப்பது எது?

ஓய்வு பெற்றபின் வீட்டுப் பின்கட்டில் தச்சுவேலை பழகத் தொடங்கினேன். எல்லாக் கருவிகளையும் விலைகொடுத்து வாங்க மனம் வரவில்லை. எஞ்சிய தேக்குத் துண்டுகளைக் கொண்டு மூலைமட்டம் ஒன்றை நானே செய்துகொண்டேன். அதை வைத்தே, ரம்பம் விலகாமல் செல்லும்பொருட்டு, பக்கச் சுவர்களில் வெட்டுவாய் வைத்த மரப்பெட்டி ஒன்றையும் அமைத்தேன். அப்பெட்டியில் புத்தக அடுக்குக்கான பலகைகளை அறுத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். மயிரிழையும் பிசகாமல் ஒத்திருந்தன. பூட்டியபோதோ மூட்டுக்கு மூட்டு ஒருபக்கம் வாய்பிளந்து நின்றது.

நேரே மரக்கடைக்குச் சென்றேன். காயாத மரத்தை என் தலையில் கட்டிவிட்டதாகக் கடைக்காரரைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறவில்லை.

அன்று மாலைதான் மூலைமட்டத்தைச் சோதிக்கத் தோன்றிற்று. நேரான விளிம்புள்ள பலகையில் அதை அணைத்து ஒரு கோடு வரைய வேண்டும். பின் மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு வரைய வேண்டும். செங்கோணம் சரியானால் இரு கோடுகளும் ஒன்றாகும். என் கோடுகள் 200 மில்லிமீட்டர் தொலைவில் 4 மில்லிமீட்டர் விலகி நின்றன. புரட்டும்போது பிழை எதிர்ப்பக்கம் சாய்வதால் அது இருமடங்காகத் தெரிகிறது. உண்மைப் பிழை 2 மில்லிமீட்டர். மட்டத்தின் கோணல் பெட்டிக்கும், பெட்டியின் கோணல் பலகைகளுக்கும் இறங்கியிருந்தது.

பலகைகளின் ஒற்றுமையே என்னை ஏமாற்றியது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், மெய்யான சமதளத்தை உருவாக்குவது குறித்து 1840-இல் கிளாஸ்கோ நகரில் கட்டுரை வாசித்தார். அவர் வழியில் இரண்டு தட்டுகள் போதா. ஒன்று குழிந்து மற்றது புடைத்திருந்தாலும் இரண்டும் இசைந்து பொருந்திவிடும். மூன்றாவது தட்டு வந்து, மூன்றும் மாறிமாறி ஒன்றோடொன்று பொருந்தினால்தான் தளம் சமமானது. இருவர் ஒரே கருத்துடையராய் இருப்பதையே உண்மைக்குச் சான்றாகக் கொள்ளும் நமக்கு இந்த மூன்றாம் தட்டு சற்றுச் சங்கடமானதே.

கடைக்காரரிடம் நான் பொய் பேசவில்லை. என் மனச்சான்று சொன்னதையே பேசினேன். அறியாமல் செய்தது குற்றமாகுமா? அறிய வழியே இல்லாதவனைக் குற்றவாளி என்பது அநீதி. ஆனால் எனக்கு வழி இருந்தது. ஒரு பென்சிலும் ஐந்து நிமிடமும் போதும். மரத்தின்மீது ஐயுற்ற நான், என் கையால் செய்த கருவியின்மீது மட்டும் ஐயுறவில்லை. அது அறியாமையன்று, என்மீது நான் கொண்டிருந்த சலுகை. மனச்சான்றும் ஓரளவு நாமே இழைத்துச் செய்துகொள்ளும் கருவிதானே? அதன் சொற்படி நடந்தேன் என்பது பாதி விடையே. அதைப் புரட்டிப் பார்த்தேனா என்பதற்கும் நான் பொறுப்புக் கூற வேண்டும்.

மறுநாள், கடையில் கூட்டம் இருந்த நேரம் பார்த்தே சென்று, தவறு என்னுடையது என்றேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் மேசையடியிலிருந்து தம் பழைய மூலைமட்டத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஐயா.”