பெயர் தெரியாத பாட்டிக்கு எள்ளும் நீரும்

ஹாரியட் வின்ஸ்லோ என்ற அமெரிக்கப் பெண்ணின் வம்சத்தைத் தேடுவது எளிது. 1796இல் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் ஊரில் லாத்ரப் குடும்பத்தில் பிறந்தவர். 1819இல் மிஷனரி மைரன் வின்ஸ்லோவை மணந்து, அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறினார். 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கப் பள்ளி தொடங்கி, 1833இல் அங்கேயே இறந்தார். கணவர் 1835இல் அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் தொகுத்து நூலாக்கினார். 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் ஹாரியட்டின் மகள் வழிக் கொள்ளுப்பேரன். இத்தனையும் தெரிகிறது. ஆனால் ஹாரியட்டின் பள்ளியில் படித்த தமிழ்ச் சிறுமிகளின் கதை வேறு. அமெரிக்காவில் யாராவது ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அந்தப் பிள்ளைக்கு அவர் விரும்பிய பெயரை வைப்பது அன்றைய மிஷன் வழக்கமாக இருந்தது. ஆண்பிள்ளைகளுக்கும் இதுதான் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான கறோல் விசுவநாதபிள்ளையின் பெயரில் உள்ள ‘கறோல்’ இதற்குச் சாட்சி. பிற்காலத்தில் ரயில்வே வேலைக்கும் கிராணி வேலைக்கும் யாழ்ப்பாணத்தார் பலர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்தின் மூதாட்டியருள் அமெரிக்கப் பெயருடைய ஒருத்தி இருந்தால், அவள் அமெரிக்கக்காரி என்று எண்ணிவிட வேண்டாம். அவள் உடுவில் சிறுமியாகவே இருக்கக்கூடும். பெற்றோர் அழைத்த பெயர்தான் தொலைந்திருக்கும்.

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். கங்காணி கூட்டிவந்த பெண்ணுக்குச் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் ஒரு வரி இருந்தது, அதுவும் சம்பளக் கணக்குக்காக. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளான பிறகு அந்த ஏடுகளைக் காப்பாற்ற யாருக்கும் அக்கறை இல்லை. அந்தப் பெண்ணின் பேத்தி மகன் ஆடி அமாவாசையன்று மோரிப் கடற்கரையில் எள்ளும் நீரும் இறைக்க உட்காருகிறான். ஐயர் தாய்வழிப் பாட்டி, பூட்டி பெயர்களைக் கேட்கிறார். அவனுக்குத் தெரியவில்லை. சடங்கு நிற்பதில்லை, பெயர் தெரியாதவர்க்குப் பொதுப் பெயர் சொல்லவும், பிள்ளையும் உற்றாரும் இல்லாமல் போனவர்க்கு நீர் வார்க்கவும் சாஸ்திரமே வழி வைத்திருக்கிறது. அப்படியானால் தேடுவானேன் என்று கேட்கலாம். அந்த விலக்கு அறிய முடியாதவனுக்கு வைத்தது, கேட்கவே கேட்காதவனுக்கு அல்ல என்பதே என் வாதம். வள்ளுவர் இல்வாழ்வான் கடமைகளை எண்ணும்போது தென்புலத்தாரை முதலில் வைத்தார், தெய்வத்தையே அடுத்துத்தான். அத்தனை பெரிய கடனை யாருக்குப் பட்டோம் என்று விசாரிக்காமல் தீர்ப்பது எப்படி?

ஆன்மா மறுபிறவி எடுத்துவிட்டால் பழைய பெயர் எதற்கு என்பார்கள். இறைத்த எள்ளும் நீரும் வசு, ருத்திரர், ஆதித்தியர் வழியாகப் பிதுர்களுக்குப் போய்ச் சேரும் என்று மரபு பதில் சொல்கிறது. அதை நம்பாதவருக்கும் ஒன்று சொல்லலாம்: கடன் கொடுத்தவர் இடம் மாறினாலும் தீர்க்கவேண்டியவனின் கடன் மாறாது. இன்னொரு மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வம்சம் தேடுவது சாதிப் பெருமையில் போய் முடியும் என்ற அச்சம் நியாயமானது. நம்மிடையே அது நடந்தும் இருக்கிறது. ஆனால் பெருமை தேடுகிறவர் பெருமை தீருமிடத்தில் நிறுத்திவிடுவார். கடன் தீர்க்கத் தேடுகிறவர் நிறுத்த முடியாது. கடன்பத்திரத்தில் கைநாட்டு வைத்தவள், கைம்பெண்ணாகத் தனியே கப்பலேறியவள், லயத்தில் வேறு சாதிக்காரரோடு குடும்பம் நடத்தியவள் என எல்லாரையும் அவர் ஏற்கவேண்டும். அப்படி ஏற்கிற தேடலில் சாதிக்கு நிற்க இடம் குறைவு.

ஹாரியட்டை உலகம் அறிந்தது அவர் பிறரைவிட உயர்ந்தவர் என்பதால் அல்ல. எழுதிவைக்க ஆள் இருந்ததால். நம் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் ஒருவராவது இருந்தால், வரும் ஆடி அமாவாசைக்கு முன் அவரிடம் அவருடைய அம்மாவின் பெயரையும், அந்த அம்மாவைப் பெற்றவளின் பெயரையும், அவள் கப்பலேறி வந்த ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள்.