கொன்றவனுக்குக் குரல் தருவது

1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை, லண்டனின் கிழக்குப் பகுதியான வொயிட்சேப்பலிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அவனுக்கு உலகறிந்த ஒரு பெயர் இருக்கிறது: ஜாக் த ரிப்பர். கொல்லப்பட்டவர்கள் யார் என்பது அப்போதே தெரியும். அவர்களுடைய பெயர்கள்தாம் யார் நினைவிலும் இல்லை. மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. இந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டு ஓர் இசைக்குழுவைப் பற்றிப் பேச வருகிறேன்.

2006இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில் நகரத்து இளைஞர்கள் சிலர் ஓர் இசைக்குழுவைத் தொடங்கி அதற்கு ‘வொயிட்சேப்பல்’ என்று பெயர் வைத்தார்கள். பெயருக்குக் காரணம் அந்தக் கொலைகள்தாம். 2007இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ‘த சொமாட்டிக் டிஃபைல்மென்ட்’. உடலைச் சீரழித்தல் என்று பொருள் கொள்ளலாம். அதில் கொலைகாரன் தன்மையில் பேசுகிறான். வெட்டுகிறவன் ‘நான்’. வெட்டப்படுகிறவள் வெறும் உடல்.

இவர்களுடைய இசைவகை டெத்கோர். டெத் மெட்டலின் அடித்தொண்டை உறுமலையும் ஹார்ட்கோரின் ‘பிரேக்டவு’னையும் சேர்த்துச் செய்தது. வேகமாக ஓடும் பாட்டு சட்டென்று நிதானித்து, கனத்த கிதார் அடிகளாக இறங்கும் இடம்தான் பிரேக்டவுன். எனக்கு இந்த இசை பிடிக்கும். குரலைத் தாழ்த்திப் பேசு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவளுக்கு, வயிற்றிலிருந்து எழும்பும் அந்த உறுமலைக் கேட்பதே ஒரு விடுதலை. ஆகவே வெளியே நின்று முகம் சுளிக்கிற ஒருத்தியாக இதை எழுதவில்லை.

டெத்கோர் தொடக்கத்திலிருந்தே சண்டைக்கு உரிய இசை. டெத் மெட்டல் ரசிகர்களில் பலர் அதைக் கலப்படம் என்று ஒதுக்கினார்கள். வொயிட்சேப்பல் குழுவைப் பற்றியும் இரண்டு கட்சிகள் இருந்தன. மூன்று கிதார்கள் தேவையா? பிரேக்டவுன்கள் அளவுக்கு மீறிவிட்டனவா? முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவு தெளிவாக இல்லையே? இப்படித்தான் வாதம் நடந்தது. 2013இல் அந்த ஆல்பத்தை ஒலியைச் சீர்செய்து மறுபடி வெளியிட்டார்கள். சீர்செய்ய வேண்டியது ஒலி மட்டும்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. 2016இல் ‘மார்க் ஆஃப் த பிளேட்’ வந்தபோது சண்டை இன்னும் பெரிதானது. பாடகர் ஃபில் போஸ்மன் சில இடங்களில் உறுமாமல் சாதாரணக் குரலில் பாடிவிட்டார். இது துரோகமா, வளர்ச்சியா என்று ரசிகர்கள் பிரிந்து நின்றார்கள். ஓர் ஆண் மென்மையாகப் பாடியது இத்தனை பெரிய பிரச்சினை. கொலைகாரனின் ‘நான்’ மட்டும் கடைசிவரை பிரச்சினையாகவே இல்லை.

அப்படியானால் கொலைகாரனின் குரலில் பாடுவது தவறா? தவறு என்று நான் சொல்லமாட்டேன். நாடகமும் நாவலும் கொலைகாரர்களின் மனதுக்குள் போயிருக்கின்றன, போகத்தான் வேண்டும். வன்முறை எப்படி யோசிக்கிறது என்று தெரிந்துகொள்வதில் பெண்களுக்கு மற்றவர்களைவிட அதிக அக்கறை உண்டு. பேசுகிறவன் வேறு, எழுதியவர் வேறு என்ற வேறுபாட்டையும் நான் ஏற்கிறேன்.

இன்னொரு சமாதானமும் உண்டு: இந்த உறுமலில் வார்த்தை யாருக்குக் கேட்கிறது? இதை என்னால் ஏற்க முடியவில்லை. வார்த்தை காதில் விழாமல் போனாலும் ஆல்பத்தின் தலைப்பு அட்டையில் இருக்கிறது. குழுவின் பெயர் சட்டையில் அச்சாகி மார்பில் ஏறுகிறது. கேட்காத வார்த்தை மறைந்துவிடுவதில்லை. அது பழகிப்போகிறது, அவ்வளவுதான்.

என் கேள்வி கொலைகாரன் பேசுவதைப் பற்றியது அல்ல. அவன் எதிரே யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. 2019இல் வரலாற்றாசிரியர் ஹேலி ரூபன்ஹோல்ட் ‘த ஃபைவ்’ என்ற நூலை வெளியிட்டார். கொலைகாரனைத் தேடாமல் அந்த ஐந்து பெண்களின் வாழ்க்கையை மட்டும் எழுதினார். நிக்கல்ஸ் ஐந்து பிள்ளைகளின் தாய். அவருடைய கணவர் அச்சகத் தொழிலாளி. கொலையான இரவில், சத்திரத்துப் படுக்கைக்குக் கொடுக்க நான்கு பென்ஸ் இல்லாமல் தெருவில் நின்றவர். ஸ்ட்ரைட் சுவீடனிலிருந்து வந்து, கணவருடன் காப்பிக்கடை நடத்தியவர். எடோஸ் தன் துணைவருடன் ஊர் ஊராகப் போய்ச் சிறு பாட்டுப் பிரசுரங்களை விற்றவர். அவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர். ஐவரில் மூவர் பாலியல் தொழில் செய்தார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை என்கிறார் ரூபன்ஹோல்ட். செய்திருந்தால்தான் என்ன, கொல்லலாமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இந்த விவரங்கள் எவையும் கிடைக்காத புதையல் அல்ல. பலவும் அன்றைய பிரேத விசாரணையிலும் நாளிதழ்களிலும் பதிவானவை. கொலைகாரனைப் பற்றித்தான் எந்த விவரமும் இல்லை. இருந்தும், இல்லாத அவனுக்கு முழு ஆளுமையைக் கற்பனை செய்து கொடுத்தார்கள். இருந்த பெண்களைக் காயங்களாகச் சுருக்கினார்கள். தவறு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தத் தவறு நாக்ஸ்வில் இளைஞர்களுடையது மட்டுமல்ல. கிழக்கு லண்டனின் கேபிள் தெருவில் பெண்கள் வரலாற்றுக்கான அருங்காட்சியகம் என்று சொல்லி அனுமதி பெற்ற ஒரு கட்டடம், 2015இல் ஜாக் த ரிப்பர் அருங்காட்சியகமாகத் திறந்தது. பெண்கள் வாசலில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒரு நகரமே செய்துகொண்டிருப்பதைத்தான் அந்த இளைஞர்கள் கிதாரில் செய்தார்கள்.

‘த ஃபைவ்’ வந்த அதே 2019இல் வொயிட்சேப்பல் குழுவின் ‘த வேலி’ வந்தது. போஸ்மன் வளர்ந்த ஹார்டின் வேலி என்ற ஊரைப் பற்றியது. சிறுவயதில் அவர் கண்டதும் பட்டதும், மனநோயோடு போராடிய அவருடைய தாயும் அதில் இருக்கிறார்கள். தாய் எழுதிவைத்த குறிப்பேட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிறார். விமர்சகர்கள் பாராட்டினார்கள், குழு முதிர்ந்துவிட்டது என்றார்கள். எனக்கும் அது அவர்களுடைய ஆகச் சிறந்த ஆல்பம்தான். அதில் ஒரு பெண் உடலாக மட்டும் வருவதில்லை. அவளுக்குப் பயம் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, அவளை இழந்த ஒரு மகன் இருக்கிறான்.

ஆனால் அந்தப் பாராட்டுகளைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. முதிர்ச்சி என்று அவர்கள் சொன்னது சொந்தத் துயரத்தைச் சொன்னதற்காக. தன் தாய் என்றதும் ஒரு பெண்ணுக்கு மனமும் குரலும் வந்துவிட்டன. 1888இல் தெருவில் நின்றவள் யாருக்கோ தாய். பாடகனுக்குத் தாய் அல்ல. ஒரு பெண் மனுஷியாகக் கருதப்பட, பாடுகிறவனுக்கு அவள் அம்மாவாகவோ மகளாகவோ இருக்க வேண்டுமா? ‘உன் அக்கா தங்கையாக இருந்தால்?’ என்று ஆண்களிடம் நாம் கேட்கும்போதும் இதே நிபந்தனையைத்தான் ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொன்றுக்கு என்னிடம் விடை இல்லை. நோயின் நடுவே ஒரு பெண் தனக்காக எழுதியவை, அவளிடம் கேட்க முடியாத காலத்தில் மகனின் தொண்டை வழியாக உலகத்துக்கு வந்திருக்கின்றன. அன்போடுதான் வந்திருக்கின்றன, அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அவள் சம்மதித்திருப்பாளா என்ற கேள்வியை மட்டும் விட முடியவில்லை. நான் படித்த எந்த விமர்சனமும் அதைக் கேட்கவில்லை.

‘த வேலி’யை இன்னும் கேட்கிறேன். முதல் ஆல்பத்தையும் தெரிந்துகொண்டே கேட்கிறேன். ஓர் ஆல்பம் கனமாக இருக்கிறதா, புதிதாக இருக்கிறதா என்று எழுதுகிறவர்கள், அதில் பேசுகிறவர் எத்தனை பேர், பேச்சே இல்லாமல் கிடப்பவர் எத்தனை பேர் என்றும் எண்ணி எழுதலாம். கிதார்களை எண்ணத் தெரிந்தவர்களுக்கு அது கடினமான கணக்கல்ல.